ஸ்கூல் ஷேர் மார்க்கெட் கேம்ல பையன் ஜெயிச்சுட்டான், இப்போ நிஜப் பணம் கேக்குறான்: என்ன பண்றது?

வணக்கம் சகோதரி. உங்க லெட்டரை மூணு தடவை படிச்சேன். படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும்ல, அதனால விஷயத்தை சுருக்கமா சொல்லிடறேன். 16 வயசுல பையன், 13 வயசுல பொண்ணு, உங்க ஒருத்தர் சம்பளத்துல ஓடுற வீடு. ஸ்கூல்ல ஆறு வாரம் ஷேர் மார்க்கெட் சிமுலேஷன் நடத்தியிருக்காங்க, எல்லாருக்கும் விளையாட்டுப் பணம் கொடுத்து, கடைசியில யார் கணக்குல அதிகம் இருக்கோ அவங்களுக்குப் பரிசுன்னு. உங்க பையன் மொத்தத்தையும் ஒரே ஷேர்ல போட்டு முதல் பரிசு வாங்கிட்டான். இப்போ "உங்க பேர்ல ஒரு கணக்கு ஓபன் பண்ணிக் கொடுங்கம்மா, நான் நிஜமாவே பண்றேன்"னு தினமும் கேக்குறான். இதே பையன்தான் போன மாச பாக்கெட் மணியை அஞ்சே நாள்ல ஒரு போன் கேம்ல விட்டுட்டு மீதி மாசம் முழுக்க தங்கச்சிகிட்ட கடன் வாங்கினவன். நீங்க பட்ஜெட் பத்திப் பேச உக்காந்தாலே ஹெட்போனை மாட்டிக்கிறான். இந்த சிமுலேஷன் எல்லாத்தாலயும் உண்மையிலயே பிரயோஜனம் இருக்கா, வீட்ல நானே பண்ணலாமா, என் சம்பளத்தையும் கடனையும் பசங்ககிட்ட காட்டலாமா, இதுதான் உங்க கேள்வி.

முதல்ல அவசரமான பதில். கணக்கு ஓபன் பண்ணிக் கொடுக்காதீங்க. உங்க பேர்ல இருக்கிற கணக்கை இன்னொருத்தர் இயக்குறது பெரும்பாலான இடங்கள்ல விதிப்படியே தப்பு, லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் வரிக் கணக்கு உங்க தலையிலதான் வரும். ஆனா "உனக்கு என்னடா தெரியும்"னு மட்டும் சொல்லிடாதீங்க. பணத்தைப் பத்தி அவனுக்கா ஒரு ஆர்வம் வந்திருக்கு, எத்தனையோ வீட்ல அதுவே வராம தவிக்கிறாங்க. அந்த ஆர்வத்தை அணைக்காம திசை திருப்பணும்.

அவன் ஜெயிச்சதை வச்சே ஆரம்பிங்க. வீட்ல இருக்கிற சில்லறையில 32 நாணயம் எடுத்து ஒரு டப்பாவுல போட்டுக் குலுக்கி மேஜையில கொட்டச் சொல்லுங்க. பூ விழுந்ததை எல்லாம் ஒதுக்கிட்டு தலை விழுந்ததை மட்டும் திரும்பக் குலுக்கணும். சராசரியா 32 நாணயம் 16 ஆகும், அப்புறம் 8, 4, 2, அஞ்சாவது குலுக்கல்ல ஒண்ணு மிஞ்சும். அந்த மிஞ்சின நாணயத்தைக் கையில கொடுத்து, "இது தொடர்ந்து அஞ்சு தடவை ஜெயிச்சிருக்கு, இதுக்கு ஏதாவது திறமை இருக்குன்னு நினைக்கிறியா"ன்னு மட்டும் கேளுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதீங்க, அவனே யோசிக்கட்டும். ரெண்டு நாள் கழிச்சு வேணும்னா இன்னொண்ணு கேளுங்க: 100 பாயிண்ட் 50 ஆயிட்டா, திரும்ப 100 ஆக எத்தனை சதவீதம் ஏறணும்? முக்காவாசிப் பேர் 50-ன்னுதான் சொல்வாங்க. 100% ஏறணும்.

அந்த கேம்ல உங்க பையன் செஞ்சது முட்டாள்தனம்னும் நான் சொல்ல மாட்டேன், உண்மையில அந்த விதிக்கு அதுதான் சரியான ஆட்டம். முதல் இடத்துக்கு மட்டும் பரிசு, கடைசி இடத்துக்கு எந்த வலியும் இல்ல, காலம் ஆறே வாரம்னா மொத்தத்தையும் ஒரே இடத்துல போடுறவன்தான் மேல வருவான், அதே மாதிரி போட்டு மண்ணைக் கவ்வினவங்களைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க. பிள்ளைங்களுக்குப் பணப் பாடம் சொல்லிக் கொடுக்கிற இந்த வேலைக்கு வந்த புதுசுல நானும் ரெண்டு வருஷம் இதே மாதிரி பரிசு வச்சு கேம் நடத்தியிருக்கேன். பிள்ளைங்க சுறுசுறுப்பா இருந்தாங்க, எனக்கும் சந்தோஷமா இருந்துச்சு, ஆனா முடிஞ்சதும் என்ன கத்துக்கிட்டீங்கன்னு எழுதச் சொன்னா பாதிப் பேர் "தைரியமா போட்டா ஜெயிக்கலாம்"னு எழுதினாங்க. அன்னிக்கே அதை நிறுத்திட்டேன்.

இன்னொரு விஷயமும் இருக்கு. 2005-ல கார்ட்னர், ஸ்டைன்பெர்க்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் கம்ப்யூட்டர்ல கார் ஓட்டுற ஒரு விளையாட்டை வச்சு ஒரு சோதனை பண்ணாங்க. 13-லேர்ந்து 16 வயசுப் பிள்ளைங்க தனியா ஆடும்போது எடுத்த ரிஸ்க்கை விட, கூட்டாளிங்க பாத்துட்டு இருக்கும்போது எடுத்த ரிஸ்க் ரொம்ப அதிகம். 24 வயசு தாண்டினவங்ககிட்ட இந்த வித்தியாசம் பெருசா தெரியல. அப்போ வகுப்பே பாத்துட்டு இருக்க, ஸ்கோர் போர்டுல பேர் ஏறி இறங்க ஒரு கேம் நடத்தினா இந்த வயசுப் பையன் எப்படி ஆடுவான்? அதனாலதான் வீட்ல, கூட்டாளிங்க இல்லாம, போட்டியா இல்லாம பண்றதுக்கு ஒரு தனி மதிப்பு இருக்கு.

சரி, பிரயோஜனம் இருக்கான்னு கேட்டீங்களே. வெறும் பாடமா நடத்தினா நிக்காதுங்கிறதுக்கு ஆதாரம் இருக்கு. 2014-ல வந்த ஒரு பெரிய ஆய்வு, அதுக்கு முன்னாடி வந்த 201 ஆய்வுகளை ஒண்ணா சேர்த்துப் பாத்துட்டு, பண விஷயத்துல ஜனங்க நடந்துக்கிற விதத்துல ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசத்துல 0.1% அளவுதான் பணக் கல்வியால வருதுன்னு சொல்லிச்சு, அதுவும் மாசம் போகப் போக கரைஞ்சு போயிடுதாம். என் தொழில்ல இருக்கிற நிறைய பேருக்கு அது பெரிய அடி. அப்புறம் 2022-ல 76 சோதனைகளை சேர்த்துப் பாத்த இன்னொரு ஆய்வு வந்துச்சு, எல்லாமே குலுக்கல் முறையில ஆளைப் பிரிச்சு நடத்தின சோதனைங்க. அதுல பலன் இருக்கு, அறிவுலயும் இருக்கு, நடத்தையிலயும் இருக்குன்னு வந்திருக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கும்போது நான் எடுத்துக்கிட்டது இதுதான்: கத்துக்கிறதுக்கும் அதைப் பயன்படுத்துறதுக்கும் நடுவுல இடைவெளி கம்மியா இருக்கணும், 16 வயசுல சொன்ன வீட்டுக் கடன் பாடம் 30 வயசு வரைக்கும் தங்காது. அவன் இந்த வாரம் எடுக்கிற முடிவுக்கு இந்த வாரமே பலன் தெரியணும், தெரிஞ்ச உடனே அதைப் பத்தி யாராவது அவன்கூட அமைதியா உக்காந்து பேசணும். இந்தப் பேச்சு இல்லாத சிமுலேஷன் வெறும் பொழுதுபோக்குதான், எத்தனை செலவு பண்ணி நடத்தினாலும்.

இப்போ வீட்ல எப்படி பண்றதுன்னு சொல்றேன். எனக்கு நேரமே இல்லைன்னு எழுதியிருந்தீங்க, வாரத்துக்கு 40 நிமிஷம் போதும். ஒரு ஞாயித்துக்கிழமைன்னா ஒரு மாசம், 12 ஞாயிறு முடிஞ்சா ஒரு வருஷம். மூணு பேரும் ஆடுங்க, நீங்களும்தான். ஆளுக்கு ஒரு வேலை, 1,000 பாயிண்ட் சம்பளம். ஆனா கையில 1,000 கொடுக்காதீங்க, வரி, பிடித்தம் எல்லாம் போக 850 மட்டும் கொடுங்க. "மீதி எங்கம்மா"ன்னு முதல் நாளே கத்துவான், அந்தக் கத்தல்தான் சம்பள ஸ்லிப் பத்தின முதல் பாடம், நீங்க தனியா விளக்கவே வேணாம். அப்புறம் வாடகை 300, சாப்பாடு 200, போக்குவரத்து 70, போன் நெட் 40, இந்த மாதிரி கட்டாயச் செலவை முதல்லயே எடுத்து வச்சுடணும். மிஞ்சுற 240-ஐ என்ன பண்றாங்கன்னு அவங்கவங்க நோட்டுல எழுதணும், ஏன் அப்படிப் பண்றேன்னு ஒரு வரியும் எழுதணும். அந்த ஒரு வரியை மட்டும் எக்காரணத்தாலயும் விட்டுடாதீங்க. முடிவு தெரிஞ்சதுக்கு அப்புறம் எல்லாரும் "நான் அப்பவே நெனச்சேன்"னுதான் சொல்வோம், நோட்டுல எழுதி வச்சிருந்தா அப்படி சொல்ல முடியாது.

ஒரு டப்பாவுல துண்டுச் சீட்டு போட்டு வைங்க. பல் வலி 180. போன் ஸ்க்ரீன் உடைஞ்சுடுச்சு 150. ஓவர்டைம் 100 வரவு. கூட்டாளி 200 கடன் கேக்குறான், கொடுப்பியா? வேலை போயிடுச்சு, ரெண்டு மாசம் சம்பளம் கிடையாது. மாசம் ஆளுக்கு ஒரு சீட்டு எடுக்கணும். இந்த சீட்டு எழுதுற வேலையை உங்க பையன்கிட்டயே கொடுத்துடுங்க, ஆட வர மாட்டேன்னு சொல்ற 16 வயசுப் பையனைக் கூட மத்தவங்களை மாட்டி விடுற சீட்டு எழுதச் சொன்னா ஆசையா உக்காருவான். எழுதும்போதே வாழ்க்கையில என்னென்ன செலவு சொல்லாம வரும்னு அவன் மண்டையில ஓடிடும். பொண்ணு பேங்கரா இருக்கட்டும். வட்டி போடுறது, கணக்கு எழுதுறது, கடன் கொடுக்கலாமா வேணாமான்னு முடிவு பண்றது எல்லாம் அவ பொறுப்பு. அண்ணன் ஏற்கெனவே நிஜத்துல அவகிட்ட கடன் வாங்கிட்டு இருக்கான், இங்க அதை வட்டியோட கேக்கட்டும். என் அனுபவத்துல இந்த ஆட்டத்துல வேகமா கத்துக்கிறது பேங்கர் சீட்டுல உக்காந்த பிள்ளைதான்.

கிரெடிட் கார்டுக்கு மட்டும் தனியா ஒரு சாயங்காலம் ஒதுக்குங்க, இது ஒண்ணை உருப்படியா பண்ணிட்டாலே பெரிய விஷயம். பையனுக்கு ஒரு அட்டை கொடுத்து 10,000 பாயிண்ட் வரைக்கும் எது வேணும்னாலும் வாங்கிக்கோன்னு சொல்லுங்க. ஆசை ஆசையா லிஸ்ட் போடுவான். எம்.ஐ.டி.யில பிரெலெக், சிமெஸ்டர்னு ரெண்டு பேர் 2001-ல வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கு. மேட்ச் டிக்கெட்டை ஏலம் விட்டு, பாதிப் பேரை ரொக்கத்துலயும் பாதிப் பேரை கார்டுலயும் கட்டச் சொன்னாங்க. கார்டுக்காரங்க கேட்ட விலை சில டிக்கெட்டுக்கு ரெண்டு மடங்கு வரைக்கும் போயிருக்கு. படிச்ச பெரியவங்களுக்கே அப்படின்னா பிள்ளைங்களைக் குறை சொல்ல என்ன இருக்கு. லிஸ்ட் முடிஞ்சதும் விதியைச் சொல்லுங்க: மாசம் 3% வட்டி, மினிமம் டியூ, அதாவது மாசா மாசம் கட்டியே ஆக வேண்டிய குறைஞ்சபட்சத் தொகை, பாக்கியில 5%. அவன் கண்டிப்பா மினிமம்தான் கட்டுவேன்னு சொல்வான், விடுங்க. முதல் மாசம் 300 வட்டி ஏறி 10,300, அதுல 515 கட்டினா மிச்சம் 9,785. ரெண்டாவது மாசம் வட்டி 294, கட்டினது 504, மிச்சம் 9,575. இப்படி 12 மாசத்தையும் அவன் கையாலயே கால்குலேட்டர் தட்டிப் போடணும், நீங்க போட்டுக் காட்டக் கூடாது. வருஷக் கடைசியில அவன் கட்டினது கிட்டத்தட்ட 5,500, ஆனா கடன் குறைஞ்சது வெறும் 2,300 கிட்ட, இன்னும் 7,700 பாக்கி நிக்கும். கடன் பாதியா குறையணும்னாலே 32 மாசம் ஆகும், அதுவும் புதுசா ஒரு பொருள் கூட வாங்காம இருந்தா. அந்த 7,700-ஐ எழுதும்போது பிள்ளைங்க முகம் மாறுறதை நான் ஒவ்வொரு வகுப்புலயும் பாத்திருக்கேன், எத்தனை லெக்சர் கொடுத்தாலும் வராத மாற்றம் அது.

ஆனா ஒண்ணு சகோதரி, பாயிண்ட் எவ்வளவு போனாலும் ராத்திரி தூக்கம் கெடாது. பாயிண்ட்ல கணக்கு புரியும், பழக்கம் வராது. பழக்கத்துக்கு கொஞ்சமாவது நிஜப் பணம் வேணும். அதனால கூடவே இதையும் பண்ணுங்க. அவனுக்குன்னு நீங்க எப்படியும் செலவு பண்ற ஏதாவது ஒரு விஷயத்தை, போன் ரீசார்ஜும் டிரஸ்ஸும்னு வச்சுக்கோங்க, மூணு மாசத்துக்கு உண்டான தொகையை மொத்தமா அவன் கையில கொடுத்துடுங்க. மூணு மாசம் ஒரேடியா பயமா இருந்தா ஒரு மாசத்துல ஆரம்பிங்க. புதுசா ஒரு பைசா கூட தர வேண்டியதில்ல, நீங்க செலவு பண்ண இருந்த அதே பணம்தான், முடிவு எடுக்கிற ஆள் மட்டும் மாறுறாரு. நடுவுல தீர்ந்துட்டா திரும்பக் கிடையாதுன்னு முன்னாடியே சொல்லி, ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுக்கோங்க. சாப்பாடு, படிப்பு, மருந்து இதுல எதையும் இந்தக் கணக்குல சேர்க்காதீங்க, பிள்ளை உடம்புக்கோ படிப்புக்கோ ஆபத்து வர்ற மாதிரி ஒரு பாடமும் வேணாம்.

இங்கதான் உங்களுக்கு நிஜமாவே கஷ்டமான வேலை வருது. அவன் கண்டிப்பா ஒரு தடவை சொதப்புவான், ரீசார்ஜ் பண்ணப் பணம் இல்லாம மூஞ்சியைத் தூக்கி வச்சுட்டு ரெண்டு வாரம் வீட்டைச் சுத்துவான். உங்களுக்கு மனசு கேக்காது, போனா போகுதுன்னு கொடுத்துடலாம்னு கை நீளும், ஏன்னா ஒத்தை ஆளா வளர்க்கிற அம்மாவுக்கு பிள்ளை முகம் வாடினா தாங்காது, அது எனக்குப் புரியுது. தயவு செஞ்சு கொடுக்காதீங்க. போன மாசம் அவன் அஞ்சு நாள்ல காலி பண்ணினப்போ தங்கச்சி காப்பாத்திட்டா, அதனால அவனுக்கு அந்த மாசம் வலிக்கவே இல்ல, வலிக்காததால ஒண்ணும் மாறல. திட்டவும் திட்டாதீங்க. "நான் அப்பவே சொன்னேன்ல"ங்கிற வார்த்தை உங்க வாயிலேர்ந்து வந்தா அவன் பணத்தைப் பத்தி யோசிக்க மாட்டான், உங்க மேல கோவப்படுறதுலயே நேரம் போயிடும். ரெண்டு நாள் விட்டு, அவன் நோட்டை எடுத்து வச்சு, "இதை வாங்கினப்போ உன் மனசுல என்ன ஓடுச்சு"ன்னு கேளுங்க. அப்புறம் "அடுத்த தடவை அதே மாதிரி தோணுச்சுன்னா என்ன பண்ணலாம்"னு கேளுங்க. பதிலை அவனே சொல்லணும். 24 மணி நேரம் தள்ளிப் போட்டு வாங்குவேன்னோ, கேம்லேர்ந்து பேமென்ட் விவரத்தை அழிச்சுடுவேன்னோ அவனா சொன்னது எதுவா இருந்தாலும், நீங்க சொல்ல நெனச்சதை விட அது நல்லா வேலை செய்யும்.

மோசடி மெசேஜுக்கும் ஒரு ஒத்திகை வைங்க. இந்த மாசத்துல எப்பவாவது ஒரு நாள் வீட்ல ஒருத்தர் இன்னொருத்தருக்கு பொய்யா ஒரு மெசேஜ் அனுப்புவோம், கண்டுபிடிக்கணும்னு முன்கூட்டியே சொல்லிடுங்க, சொல்லாம ஏமாத்தினா நம்பிக்கை போயிடும். அவசரப்படுத்துறது, பயமுறுத்துறதோ ஆசை காட்டுறதோ, யார்கிட்டயும் சொல்லாதேங்கிறது, இந்த மூணுல எது இருந்தாலும் லிங்க்கைத் தொடக் கூடாது, ஓடிபி சொல்லக் கூடாது, அந்த மெசேஜ்ல இருக்கிற நம்பருக்குப் போன் பண்ணாம நாமளே தேடி எடுத்த நம்பருக்குத்தான் பேசணும்னு வீட்டு விதியா வச்சுக்கோங்க.

உங்க சம்பளமும் கடனும். காட்டுங்க, ஆனா தொகையா காட்ட வேணாம், 13 வயசுப் பொண்ணு அந்த நம்பரை வெளியில சொல்லிடுமோன்னு நீங்க பயப்படுறதும் நியாயம்தான். 100 பட்டனோ பாசி மணியோ எடுத்து மேஜையில குவிச்சு, இதுதான் நம்ம வீட்டுக்கு ஒரு மாசம் வர்ற மொத்தம்னு சொல்லுங்க. வாடகைக்கு 35 நகர்த்துங்க, சாப்பாட்டுக்கு 25, பழைய கடனுக்கு 15, ஃபீஸுக்கு, கரண்டுக்குன்னு ஒவ்வொண்ணா அவங்க கையாலயே நகர்த்த விடுங்க, உங்க நிஜக் கணக்குப்படி. கடைசியில அஞ்சாறு பட்டன் மட்டும் நடுவுல கிடக்கும். அந்த 15 பட்டனைப் பாத்து என்ன கடன்மான்னு கேட்டா உண்மையைச் சொல்லுங்க, எதுக்கு வாங்கினது, எப்போ முடியும், இன்னிக்கு வாங்கணும்னா வேற மாதிரி வாங்கியிருப்பேனான்னு. ஒரே ஒரு எச்சரிக்கை: இதைக் காட்டினதுக்கு அப்புறம் சில பிள்ளைங்க திடீர்னு எதுவுமே கேக்காம ஒடுங்கிப் போயிடும், முக்கியமா பொறுப்பான பிள்ளைங்க. "இந்தக் கடனை அடைக்கிறது என் வேலை, உங்க வேலை இல்ல, எனக்கு வழி இருக்கு"ன்னு அன்னிக்கே, அதே மேஜையிலயே சொல்லிடுங்க. உங்க பொண்ணு சேத்து வச்ச காசை உங்ககிட்ட நீட்டினா வாங்கிக்காதீங்க, கட்டிப் பிடிச்சுக்கோங்க.

அந்த ஷேர் விஷயம் இன்னும் பாக்கி இருக்கு. 12 ஞாயிறும் முடியட்டும். முடிஞ்சப்புறமும் ஆசை இருந்தா ஒரு வருஷம் பேப்பர்லயே பண்ணச் சொல்லுங்க, ஆறு வாரம் இல்ல, முழுசா ஒரு வருஷம். ஸ்கூல்ல எடுத்த அந்த ஒரே ஷேர் ஒரு பக்கம், மொத்த மார்க்கெட்டையும் வாங்கின மாதிரி ஒரு இண்டெக்ஸ் இன்னொரு பக்கம், மாசா மாசம் ரெண்டையும் எழுதிட்டு வரட்டும், வாங்கி வித்தா தரகுக் கட்டணத்தையும் கழிக்கணும். யாரும் கை தட்ட மாட்டாங்க, பரிசும் இல்ல, அப்பவும் உக்காந்து எழுதுறானான்னு பாருங்க. எழுதினான்னா, அவனுக்கு 18 ஆனதும் அவன் பேர்லயே, அவன் சம்பாதிச்ச சின்னத் தொகையில ஆரம்பிக்கிறதுக்கு நானே துணை நிக்கிறேன்.

இந்த ஞாயிறு நாணயம் மட்டும் குலுக்குங்க, பட்டனை அடுத்த வாரம் வச்சுக்கலாம், ரெண்டையும் ஒரே நாள்ல பண்ணா பசங்களுக்கு சலிச்சுடும். கிரெடிட் கார்டு சாயங்காலம் முடிஞ்சதும் எனக்கு ஒரு லெட்டர் போடுங்க, அந்த 7,700-ஐப் பாத்துட்டு உங்க பையன் என்ன சொன்னான்னு தெரிஞ்சுக்கணும்.